சும்மா கடல் பார்க்கப் போனவர்

விழுப்புரத்தில் ஒரு மனுஷன் வாரநாளில் குடும்பத்தோடு காரை எடுத்தால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு, இல்லை ஆஸ்பத்திரி, அதுவும் இல்லையென்றால் வேளாங்கண்ணி. ஐந்தாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று பாக்கியசாமி நினைத்தார். அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

பாக்கியசாமி விழுப்புரம் ஜங்ஷனில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். ஊர் உலகத்தையெல்லாம் எங்கெங்கோ அனுப்பி வைத்தவர், தான் மட்டும் எங்கும் போனதில்லை. மகள் வெனிலாவும் மருமகனும் மஸ்கட்டுக்குப் போகும்போது தங்கள் வெள்ளைக் காரை அவர் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று வெனிலா போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"சும்மா அப்படியே மரக்காணம் போயி, கடலோரமா ஈசிஆர்ல மெதுவா பாண்டி வரைக்கும் ஓட்டிக்கினு வாங்கப்பா. அம்மாவுக்கும் லீவு உட்ட மாதிரி இருக்கும். இங்கல்லாம் அப்படித்தான் போறாங்க" என்றாள்.

மனைவி அமலோற்பவமேரிக்கு இது விளங்கவே இல்லை.

"யார் வூட்டுக்குப் போறோம்?"

"யார் வூட்டுக்கும் இல்ல. கடலப் பாக்குறோம், வர்றோம்."

"கடலுக்கு இன்னா ஆச்சு?"

பாக்கியசாமி மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மரக்காணத்திலிருந்து பாண்டி போகிற வழியில் அனுமந்தை வரும். அனுமந்தையில் மெயின்ரோட்டை ஒட்டினாற்போல் ஒரு பச்சை வீடு. அதில்தான் அவருடைய ஒரே தங்கை மதலைமேரி இருந்தாள். அவள் அவரோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. வண்டியை இருபதில் ஓட்டினால் வாசலில் அவள் நிற்பது ஒரு கணமாவது கண்ணில் படும். கடல் எங்கே போய்விடப் போகிறது? அவருக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும்.

பேச்சு நின்றதற்குக் காரணம் வெனிலாவின் கல்யாணப் பத்திரிகை. 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே இருபத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. பெரியப்பா வகை இருந்தது, சித்தப்பா வகை இருந்தது, பந்தல்காரரும் சவுண்டு சர்வீஸ்காரரும்கூட இருந்தார்கள். 'மாசிலாமணி – மதலைமேரி, அனுமந்தை' என்ற ஒரு வரியை மட்டும் காணோம். அச்சகத்துக்காரன் இடம் போதவில்லை என்று ஒரு வரியைத் தூக்கியிருக்கிறான். பாக்கியசாமி கண்ணாடி போடாமல் புரூஃப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண்ணின் சொந்த அத்தையும் மாமாவும் பத்திரிகையில் இல்லை. இதுகூட எப்படியாவது ஆறியிருக்கும். ஆனால் பாக்கியசாமி புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். தங்கை புருஷன் பெயருக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்து, மீதியிருந்த பத்திரிகைகளில் ஓரமாகக் குத்திக் கொடுத்தார். ஊதா மையில்.

"ஊருக்கெல்லாம் அச்சு, எனக்கு மட்டும் ரப்பர் ஸ்டாம்பா? நான் இன்னா, போஸ்ட் ஆபீஸா?" என்று மாசிலாமணி கல்யாணத்துக்கே வரவில்லை. மதலைமேரியையும் விடவில்லை. தாலி கட்டும்போது பெண்ணின் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி நின்றாள். அதை நினைத்தால் பாக்கியசாமிக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

ஆக, ஒரு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினார்கள். அமலோற்பவமேரி முன்சீட்டில் உட்கார மாட்டாள், எதிரில் வருகிற லாரியெல்லாம் தன் மடியிலேயே வந்து உட்காரும் போலிருக்கிறது என்பாள். பின்சீட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் வீட்டிலிருந்தே யோசித்து எடுத்து வந்திருந்த பொருளை எடுத்தாள். பழைய எக்ஸ்ரே படம். அதை ஜன்னலில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கறுப்பாக இருந்ததால் வெயிலுக்கு நல்ல மறைப்பு. ரோட்டில் போகிறவர்களுக்கு மட்டும் கார் ஜன்னலில் ஓர் எலும்பு தெரிந்தது.

பாக்கியசாமி முப்பதைத் தாண்டவில்லை. திண்டிவனம் போகிற பைபாஸில் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்கள். ஒரு டிராக்டர் அவரை முந்திப் போனது.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கேதான் சவுரிராயன் பார்த்தான். அமலோற்பவமேரிக்குச் சித்தப்பா மகன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஒரு செய்தியை ஒரு பிரதியோடு நிறுத்துவது அவன் தொழிலிலேயே கிடையாது.

"இன்னா மாமா, செவ்வாக்கிழமையில? யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. சும்மா."

"சும்மாவா?"

"சும்மா கடலப் பாத்துட்டு வரலாம்னு."

சவுரிராயன் காரைப் பார்த்தான். ஜன்னலில் எலும்பு. உள்ளே அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தது வியர்வையைத்தான். ஆனால் கார் கண்ணாடிக்கு வெளியே நிற்பவனுக்கு வியர்வையும் கண்ணீரும் ஒன்றுதான். மாமாவோ ஐந்து வருஷமாகப் பார்க்காதவர், முப்பதில் வண்டி ஓட்டிக்கொண்டு, காரணமே இல்லாமல், சும்மா வந்திருக்கிறார். சவுரிராயன் முகம் மெல்ல மாறியது. டாக்டர்கள் கடைசி நாளைக் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் நம் பக்கத்தில் சிலர் உறவுமுறைகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது உண்டே, அது அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

அவன் பாக்கியசாமியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "மாமா, தைரியமா இருங்க. டாக்டருங்க ஆயிரம் சொல்லுவானுங்க."

"எந்த டாக்டர்?"

"அவ்ளோதான் மாமா! இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சவுரிராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் ஓடினான். கார் கிளம்புவதற்குள் அவன் காதில் போன் ஏறியிருந்தது.

மரக்காணம் ரோட்டில் உப்பளங்கள் வந்தன. வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், பாத்திகளில் வானம். "பாரு, எவ்ளோ அழகு!" என்றார் பாக்கியசாமி. அமலோற்பவமேரி எக்ஸ்ரேக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ உப்பா!" என்றாள். அதுதான் அந்த உல்லாசப் பயணத்தில் அவர்கள் நிம்மதியாக இருந்த கடைசி நிமிஷம்.

மரக்காணம் முனையில் ஒரு கிழவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். பாக்கியசாமி பிரேக்கை மிதித்தார். பார்த்தால் சுப்பராயலு! பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர். ரிட்டயர் ஆனபின் சொந்த ஊரான மரக்காணத்துக்கே வந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் திண்டிவனத்தில் சவுரிராயன் கடைக்கு எதிர்க்கடை.

"யோவ் பாக்கியசாமி!" என்று கதவைத் திறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு குடையை நீட்டினார். "இத வாங்கிக்க."

"வெயிலுக்கா?"

"உன் குடைதான்யா இது. தொண்ணூத்தேழாம் வருஷம் புயல்ல காணாப்பூடிச்சின்னு தேடினியே, நாந்தான் எடுத்துக்கினு போனேன். எம்பொண்ணுக்கு ஸ்கூல் பீஸு கட்ட… இல்ல இல்ல, பொய் சொல்ல மாட்டேன். மழை பேஞ்சுது, எடுத்துக்கினேன். இத வெச்சிக்கினு நான் எப்படிய்யா உன் மூஞ்சியில முழிப்பேன், அதுவும் கடைசியா?"

"இன்னா கடைசியா? எனக்கு ஒண்ணுமில்ல சுப்பராயலு. கல்லு மாதிரி இருக்கேன்."

சுப்பராயலு அமலோற்பவமேரியைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் வீட்டம்மாளிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "அவருகிட்ட இன்னும் சொல்லல போலிருக்குது."

மறுக்க மறுக்க வியாதி முற்றிக்கொண்டே போனது. பாக்கியசாமி தன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று காட்ட இடுப்பில் கைவைத்து இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தார். அதைப் பார்த்த சுப்பராயலுவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் வீட்டில் கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிடு, இனி பத்தியம் எதற்கு என்று சுப்பராயலு தட்டை நிரப்பினார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அமலோற்பவமேரியின் போன் அடித்தது. அவள் திரையைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து பின்பக்கம் போனாள். கிணற்றடியில் நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினாள்.

"யாரு போன்ல?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட பத்து நிமிஷம் இன்னா பேச்சு?"

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டாள்.

அப்போதுதான் பாக்கியசாமிக்கே சந்தேகம் வந்தது. ஊரே தெரியாமலா சொல்லும்? போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தது உண்மை. ரிசல்ட்டை வாங்கி வந்தவள் இவள். "எல்லாம் நார்மல்" என்றவளும் இவள். இந்தப் பயண யோசனை யாருடையது? மகளுடையது. தாயும் மகளும் சேர்ந்து நம்மைக் கடைசியாக ஒரு தடவை கடலுக்கு அழைத்துப் போகிறார்களா? பேட்டரி செத்துவிடும் என்றாளே, அது எந்த பேட்டரி?

ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கினார். பின்கதவைத் திறந்து எக்ஸ்ரேயை உருவி வெயிலில் தூக்கிப் பிடித்தார். மூலையில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: அமலோற்பவமேரி, வலது முழங்கால், எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பாக்கியசாமி அந்த முழங்காலை அப்படியே நெஞ்சில் அணைத்துக்கொண்டார்.

"இன்னாங்க பண்றீங்க நடுரோட்டுல?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. உன் முட்டி நல்லா இருக்குதான்னு பாத்தேன்."

இனி எங்கேயும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வண்டியை எடுத்தார். அனுமந்தையில் மட்டும் இருபதில் போக வேண்டும், ஒரு கணம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அனுமந்தை வந்தபோது இருபதிலும் போக முடியவில்லை. ரோட்டை மறித்து முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், தலை நரைத்து, கொஞ்சம் குட்டையாகிவிட்டது போல, மதலைமேரி நின்றாள்.

"அண்ணா!" என்று அவள் பானெட் மேலேயே விழுந்தாள்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்த ஒரு வார்த்தைக்குப் பாக்கியசாமி வண்டியை அணைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர் எவ்வளவோ நினைத்தார். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்ன அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்றும் அவருக்குத் தெரியும். ஏமாற்றிவிட்டான் என்பார்கள். பச்சை வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த பதினோரு வருஷத்துக்கு அவருக்கு உயிர் கெட்டியாக இருந்து என்ன பிரயோஜனம்? வாயை மூடிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போதே இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

மாசிலாமணி கூடத்தில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வந்தவர ஒக்காரச் சொல்லு" என்றார் சுவரிடம்.

"நான் நல்லா ஒக்காந்துக்கினேன்னு சொல்லு" என்றார் பாக்கியசாமி தங்கையிடம்.

"தண்ணி கிண்ணி குடிக்கிறாரான்னு கேளு."

இப்படியே காப்பி வரைக்கும் போனது. காப்பி டம்ளரை வைத்ததும் மாசிலாமணி நாற்காலியைக் கரகரவென்று திருப்பினார். கண் சிவந்திருந்தது. நேராக மச்சான் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க மாப்ள."

"கல்யாணப் பத்திரிகையில எம்பேரு வரல. சரி, அது போவட்டும். இனிமே உங்க வூட்ல அச்சடிக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான்."

பாக்கியசாமிக்கு அது எது என்று புரிய அரை நிமிஷம் ஆயிற்று.

"அதுல எம்பேரு வரணும். மொத ஆளா வரணும். அச்சுல வரணும். நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்துட்டீங்கன்னா எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. செத்துப்போன ஆளுங்க எழுதினத எந்தப் பிரஸ்காரனும் தூக்க மாட்டான்."

கோடு போட்ட நோட்டும் பேனாவும் மேஜைக்கு வந்தன. பாக்கியசாமி வாயைத் திறந்தார். கதவோரம் நின்ற மதலைமேரி, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். சாவைப் பற்றி வாயால் பேசாதே என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ரிசர்வேஷன் சார்ட் எழுதிய கை, எழுத்து முத்து முத்தாக விழுந்தது. 'விழுப்புரம் பாக்கியசாமி அவர்கள் இறைவனில் இளைப்பாறினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறோம்.'

"வயசு அறுவத்தாறுன்னு போடுங்க. வர்ற மாசத்த தாண்டாதுன்றாங்க" என்றார் மாசிலாமணி.

"எண்பத்தொம்பதுன்னு போடுங்க" என்றாள் அமலோற்பவமேரி உள்ளிருந்து, கறாராக.

"இன்னாம்மா இது, அநியாயமா இருக்குது! அச்சுல பொய் வரலாமா?"

கடைசியில் வயதையும் தேதியையும் காலியாக விடுவது என்று முடிவாயிற்று. கீழே, 'வருத்தமுடன்' என்று எழுதி, அதற்குக் கீழே, தனி வரியில், மற்ற எந்தப் பெயரும் பக்கத்தில் வராதபடி நிறைய இடம் விட்டு, 'மாசிலாமணி – மதலைமேரி, அனுமந்தை' என்று எழுதினார். கண்ணாடியோடு மூன்று தரம் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். பெயர் இருந்தது. மூன்று தரமும் இருந்தது.

மாசிலாமணி காகிதத்தை வாங்கிப் படித்தார். "எவ்ளோ அழகா வந்துக்கீது மச்சான்!" என்று சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளைபோல் கேவிக் கேவி அழுதார். பாக்கியசாமி தன் சாவுக்கு அழுகிறவரைத் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

அழுது ஓய்ந்ததும், "எதுக்கு வந்தீங்க மச்சான், உங்க ஆசை இன்னா? சொல்லுங்க, ஜல்தி பண்ணிடலாம்" என்றார் மாசிலாமணி.

"கடல் பாக்கணும்னு…"

அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டியைப் போர்த்தி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்கள். மே மாத வெயிலில் துப்பட்டிக்குள் பாக்கியசாமி வெந்தார். சுப்பராயலுவின் குடையை ஒருவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்தார்கள். ஈர மணலில் நாற்காலியை இறக்கியதும் அலை வந்து கால்மேல் ஏறியது. அகலமாய், நீலமாய், ஒரு காரணமும் சொல்லாமல் கடல் எதிரே கிடந்தது.

மாசிலாமணி இளநீர் கொண்டுவரப் போனார். மதலைமேரி நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். கையில் அந்தக் காகிதம்.

பாக்கியசாமிக்கு இனிமேல் தாங்காது. "மேரி, உங்கிட்ட பொய் சொல்ல முடியாது. எனக்கு ஒரு வியாதியும் இல்ல."

"தெரியும்" என்றாள் அவள்.

"தெரியுமா?"

"சவுரிராயன் சொன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சி. ஒடனே அண்ணிக்குப் போன் பண்ணேன். பதினோரு வருஷமா மாசத்துக்கு ஒரு தடவ பண்ணிக்கினுதான் இருக்கேன். இல்லன்னா உன் சர்க்கரை, பிரஷர் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

'ராங் நம்பர்' என்றவள் தூரத்தில் முழங்கால் நனையாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றிருந்தாள். பாக்கியசாமி அவளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரிஞ்சே ரோட்டுல வந்து அழுதியா?"

"அழுவாம? நீ சும்மா வந்தா நான் எப்படிண்ணா உன்ன வூட்டுக்குள்ள கூப்புடறது? அவருக்கு இன்னா பதில் சொல்றது? ஊருக்கு இன்னா பதில் சொல்றது? நீ சாவப்போறன்னாதான் அவரு நாற்காலிய திருப்புவாரு. திருப்பிட்டாரு இல்ல?" அவள் மூக்கைச் சிந்தினாள். "ஒரு ரெண்டு மாசம் நல்லாயிடாத. பொறவு மாதா புண்ணியத்துல கொஞ்சம் கொஞ்சமா தேறிக்கலாம்."

பிறகு அந்தக் காகிதத்தை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். சுருக்குப் பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவரு பேரு இதுல எழுதியிருக்குது, அது போதும். இது அச்சுக்குப் போவாது. நான் இருக்குற வரைக்கும் போவாது. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன், நீ கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

பாக்கியசாமி தங்கையின் நரைத்த தலைமேல் கையை வைத்தார்.

"இருமு, இருமு, அவரு வர்றாரு" என்றாள் மதலைமேரி.

இளநீரோடு மாசிலாமணி மணலில் ஓடி வந்துகொண்டிருந்தார். பாக்கியசாமி இருமினார். பாதி இருமலாகவும் பாதி அழுகையாகவும் வந்தது. மாசிலாமணி இரண்டையுமே வியாதி என்று எடுத்துக்கொண்டு, அவர் முதுகை நீவிவிட்டார்.